கித்தாக் காட்டில் பாடிய கித்தார்



கித்தா என்றால் நம்மில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நம் பாட்டன் பாட்டி விடியுமுன் எழுந்து விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு சீவிய மரம் அது. ஆனால் அந்தக் கித்தாக் காட்டின் நடுவே, லயத்து வாசலிலும் கோயில் மண்டபத்திலும் கித்தார் ஒன்றும் பாடிக்கொண்டிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? திருவிழா இரவுகளில், நாடக மேடையின் ஓரத்தில், பெட்டிபோன்ற ஒலிபெருக்கியை ஒட்டி நாற்காலி போட்டு அமர்ந்து, சினிமாப் பாட்டை மெட்டு மாறாமல் வாசித்த அண்ணன்மார்கள் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள்.

தோட்டங்கள் போய்விட்டன. ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பெங் போகும் சாலையில், சுண்ணாம்புக் குன்றுகள் எழுந்து நிற்கும் எங்கள் சிம்பாங் பூலாய்ப் பக்கத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் செம்பனையும்தான் கண்ணில் படுகின்றன. ஆட்கள் இடம்பெயர்ந்தபோது கித்தார்களும் கூடவே வந்தன. பல வீடுகளில் அவை இன்னும் அலமாரிக்கு மேலே துணி சுற்றிப் படுத்திருக்கின்றன. பேரப்பிள்ளைகள் அவற்றை இறக்கிப் பார்க்கிறார்கள். "இதிலே சத்தம் வரவில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம்" என்கிறான் ஒருவன். "இதன் மரத்தைக் குடைந்து புதுசாக மாற்றிவிடுகிறேன்" என்கிறான் இன்னொருவன். தாத்தா வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி ஒரு வீட்டில் சென்ற பள்ளி விடுமுறையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அதைப் புரிந்துகொள்ள, மின்சாரக் கித்தார் எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பயப்படாதீர்கள், ஆறாம் ஆண்டு அறிவியல் பாடத்துக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

கம்பிக்குக் கீழே ஒரு காது

சாதாரணக் கித்தாரின் வயிறு வெறும் கூடு. கம்பி அதிர்ந்தால் பலகை அதிரும். கூட்டுக்குள் இருக்கும் காற்று அதிரும். ஓசை பெருகி வெளியே வரும். மின்சாரக் கித்தாருக்கோ பெரும்பாலும் வயிறே கிடையாது. கட்டை மரம்தான். அதை ஒலிபெருக்கியோடு இணைக்காமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கேட்காது.

அப்படியானால் ஓசையை யார் பிடிப்பது? கம்பிகளுக்குக் கீழே, விரல் நீளத்தில் பதித்திருக்கும் ஒரு கட்டைதான். அதற்குப் 'பிக்கப்' என்று பெயர். அதைக் கித்தாரின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காந்தமும், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். தலைமுடி பருமனே உள்ள அந்தக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. காந்தப்புலம் கலைந்தால் செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் பெரிய ஆலைகள் ஓடுவதும் அதே விதியில்தான். கித்தாரில் பிறக்கும் மின்சாரம் மிகமிகச் சிறியது, அவ்வளவுதான் வேறுபாடு. அதைப் பெருக்கித் தருவது ஒலிபெருக்கியின் வேலை.

இதனால் இன்னொன்றும் விளங்கும். இந்தக் காதுக்கு எஃகு மட்டுமே கேட்கும். நைலான் கம்பி போட்டால் எத்தனை பலமாக மீட்டினாலும் அது செவிடுதான்.

இந்த உத்தியைக் கித்தாரில் பொருத்தி வெற்றி கண்டவர் அமெரிக்காவின் ஜார்ஜ் போஷாம்ப். 1931இல் அவர் செய்த கருவி, வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்ற பட்டப்பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டே அது கடைக்கு வந்தது.

இடம் மாறினால் குரல் மாறும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரே கித்தாரில் இரண்டு மூன்று பிக்கப் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று போதாதா? ஏன் மூன்று?

துணி காயப்போடும் கயிற்றை ஆட்டிப் பாருங்கள். கட்டிய முனைக்குப் பக்கத்தில் அது கொஞ்சமாகத்தான் அசையும். நடுவில் பெரிதாக ஊசலாடும். கித்தார்க் கம்பியும் அப்படித்தான். கம்பி கட்டப்பட்ட பாலத்துக்குப் பக்கத்தில் அசைவு சிறிது. அங்கே வைத்த காது கூர்மையான, கீச்சென்ற குரலையே அதிகம் கேட்கும். கழுத்துப் பக்கம் வைத்த காதுக்குக் கனமான, உருண்டையான குரல் கேட்கும். ஒரே மனிதர் பேசுவதை வாசலில் நின்று கேட்பதற்கும் அடுப்படியிலிருந்து கேட்பதற்கும் வித்தியாசம் இல்லையா, அதுபோல.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற புகழ்பெற்ற கித்தாரில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு 162. பாலத்திலிருந்து ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான் கழுத்துப் பிக்கப் இருக்கிறது. கம்பி முழுதாக மட்டும் அதிர்வதில்லை. பாதிப் பாதியாக, மூன்றில் ஒன்றாக, நாலில் ஒன்றாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. நாலாகப் பிரிந்து அதிரும்போது சரியாக அந்த 162ஆம் மில்லிமீட்டரில் கம்பி அசையாமல் நிற்கிறது. ஆகவே விரல் வைக்காமல் மீட்டினால், அந்த நாலாம் சுரம் மட்டும் அந்தக் காதுக்குக் கேட்பதே இல்லை! விரல் வைத்தால் கம்பியின் நீளம் மாறி, அந்த இடமும் நகர்ந்துவிடும். பாலத்துப் பிக்கப்போ ஏறக்குறைய 4 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதற்குக் கேட்பது வேறு கலவை.

பிக்கப்பை இடம் மாற்றுவது அழகுக்கான வேலை மட்டும் அல்ல என்பது இதிலிருந்து புரியும். அரை அங்குலம் நகர்த்தினாலே கித்தார் வேறு குரலில் பேசும்.

கருவி செய்தவர் நினைக்காதது

ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுது பார்த்தவர். கித்தார் வாசிக்கவே தெரியாதவர்! 1954இல் அவர் மூன்று பிக்கப் வைத்து, எது பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மூன்று நிலையுள்ள ஒரு சுவிட்சும் வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப். அதுதான் அவர் போட்ட கணக்கு.

வாசித்தவர்கள் சும்மா இருப்பார்களா? சுவிட்சை இரண்டு நிலைக்கும் நடுவே நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்பும் ஒன்றாகப் பேசின. மணியடித்தாற்போல ஒரு புதுக் குரல் பிறந்தது. சுவிட்ச் நழுவாமல் இருக்க ஆளுக்கொரு தந்திரம் செய்தார்கள். கடைசியில் 1977இல் நிறுவனமே ஐந்து நிலையுள்ள சுவிட்சைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. வாசிப்பவனின் விரல் செய்த திருத்தத்தைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டுக்கு இந்தக் குரல் வந்த கதையும் சுவையானது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவினரும் சிங்கப்பூர் வந்து பாடினார்கள். அதன்பின் இங்கே ஊருக்கு ஊர் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. மலாய் மொழியில் அவற்றுக்குக் 'குகிரான்' என்று பெயர். 'கும்புலான் கித்தார் ரன்சாக்' என்பதன் சுருக்கம் அது. பினாங்கிலிருந்து வந்த 'அலிகேட்ஸ்' குழுவை மறக்க முடியுமா? லோகநாதன், டேவிட் ஆறுமுகம் என்ற நம் தமிழ்ச் சகோதரர்கள் நாடு முழுவதும் மலாய்ப் பாட்டால் மயக்கினார்கள். 2007இல் லோகநாதன் மறைந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள்.

தந்தையும் மகனும்

இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பள்ளி மாணவன் இருந்தான். நல்ல கித்தார் வாங்க வீட்டில் வசதி இல்லை. 1963இல் தந்தை ஹரால்டும் மகனும் சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். பழைய கணப்படுப்பின் மேல்பலகையிலிருந்து கழுத்து வந்தது. பழைய மோட்டார் சைக்கிளின் சுருள்வில் உள்ளே போயிற்று. தாயாரின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்தில் அடையாளப் புள்ளிகளாயின. முடிக்க இரண்டு ஆண்டு ஆயிற்று.

பிக்கப்பையும் பையன் தானே செய்தான். நன்றாகத்தான் பேசியது, ஆனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால் வேண்டாத இரைச்சல் வந்தது. காந்தங்களை வைத்த முறையில் பிழை. பிடிவாதம் பிடிக்காமல், பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்புகளை வாங்கிப் பொருத்திக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இரண்டு சுவிட்ச். ஒன்று பேசவும் அடங்கவும். மற்றது மின்னோட்டத்தின் திசையைப் புரட்டவும். அந்தச் சுவிட்சுகளால்தான் அந்த ஒரு கித்தார் பல குரலில் பேசுகிறது. 'குயீன்' குழுவோடு அவர் உலகம் சுற்றியது அதனோடுதான். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்ததும் அதே கித்தாரில்தான்.

காசு இல்லாத வீட்டில் கைவேலை இருந்தது. தந்தைக்கு மகனோடு உட்கார நேரம் இருந்தது. கவனியுங்கள் பெற்றோர்களே!

நம் இசைக்கு நம்மவர் செய்த மாற்றம்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்று தள்ளிவிட வேண்டாம். இதைவிடத் துணிச்சலான மாற்றத்தை ஒரு சிறுவன் நம் கர்நாடக இசைக்காகச் செய்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ்தான் அவர். ஆந்திரத்தின் பாலகொல்லு என்ற ஊரில் 1969இல் பிறந்தவர்.

மாண்டலின் ஐரோப்பாவின் கருவி. கம்பிகள் எட்டு, இரண்டிரண்டாக நாலு ஜோடி. கம்பி குட்டையானது, மீட்டிய ஓசை உடனே செத்துவிடும். நம் இசைக்கோ கமகம் உயிர். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியை இழுத்து வளைத்து அசைக்க வேண்டும். ஜோடிக் கம்பியை இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் இழுபடாது, சுருதி பிசகும். இழுத்து முடிப்பதற்குள் ஓசையும் அடங்கிவிடும். இந்தக் கருவியில் கர்நாடக இசையா என்று கேட்டவர்கள் காரணத்தோடுதான் கேட்டார்கள்.

ஸ்ரீநிவாஸ் ஜோடிக் கம்பியை ஒற்றையாக்கினார். மின்சார மாண்டலினைக் கையிலெடுத்தார். மெல்ல மீட்டினாலும் பிக்கப் அதைப் பிடித்துத் தந்ததால், ஓசை நீண்டு நின்றது. கமகத்துக்கு அவகாசம் கிடைத்தது. கீழ்ச் சுரங்கள் போதாது என்று பட்டபோது ஐந்தாவது கம்பியையும் சேர்த்துக்கொண்டார். 1981இல் சென்னை மேடையில் அவர் வாசித்தபோது வயது பன்னிரண்டுதான். 1983இல் பெர்லின் ஜாஸ் விழா வரை அந்தக் கருவி போயிற்று. 1998இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2014 செப்டம்பர் 19ஆம் நாள், நாற்பத்தைந்தே வயதில் அவர் மறைந்தது நம் இசைக்குப் பேரிழப்பு.

ராணிப்பேட்டையில் பிறந்த கித்தார் பிரசன்னாவையும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். மின்சாரக் கித்தாரில் அவர் வாசிக்கும் கீர்த்தனையைக் கண்மூடிக் கேட்டால் வீணைதானோ என்று தோன்றும்.

இவர்கள் கருவியை மாற்றியதற்குக் காரணம் இருந்தது. எது குறை என்று முதலில் தெரிந்துகொண்டார்கள். அந்தக் குறைக்கு மட்டும் மருந்து தேடினார்கள்.

அலமாரிமேல் கிடந்த கித்தார்

இனி எங்கள் ஊர்க் கதை. என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் ஒருவன். இப்போது படிவம் ஐந்து முடித்திருக்கிறான். கோயில் இளைஞர் குழுவில் வாசிக்கிறான். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, "சார், தாத்தாவோட கித்தாருக்குப் பெரிய பிக்கப் போடப் போறேன். மரத்தைக் கொஞ்சம் குடையணும். உங்ககிட்ட உளி இருக்கா?" என்றான்.

நான் உளியை எடுக்கவில்லை. அவனோடு நடந்தேன்.

தாத்தா ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி. கட்டிலில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் கித்தார். ஜப்பானில் செய்தது, இரண்டு பிக்கப். 1970களில் வாங்கியதாம். கழுத்துப் பிக்கப் பேசியது. பாலத்துப் பிக்கப் ஊமை. பேசிய ஒன்றும் 'உம்' என்று இரைந்துகொண்டே பேசியது.

"ஞாயித்துக்கெழமையெல்லாம் வேலைக்குப் போயி சேத்த காசு, வாத்தியாரே. இவன் பாட்டி கழுத்துல ஒரு சங்கிலி போட்டிருக்கலாம். அவதான் வாங்கிக்கங்கன்னு சொன்னா. இப்ப அவ இல்ல. அந்த மரத்துல உளி வைக்கிறேங்கிறான்."

பையன் தலை குனிந்தான். "சத்தமே வரலையே தாத்தா. சும்மா வச்சிருந்து என்ன செய்ய?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வாசிக்காத கருவி வெறும் கட்டைதானே!

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பார்த்துச் சொன்னார்: "மரம் வெட்டும்போது பட்டையைத்தான் சீவணும். கத்தி உள்மரத்துல பட்டா அந்தக் காயம் ஆறாது. முண்டு முண்டா வீங்கிப் போயிடும். அப்புறம் அந்த எடத்துல வெட்டவே முடியாது. நீ என்ன வேணா செய். பட்டையோட நிறுத்திக்க."

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே பழகிய நான் அன்று பாடம் கேட்டுக்கொண்டேன். பழங்கருவியை மாற்றும் கலைக்கு இதைவிடச் சுருக்கமான விதி இல்லை. திரும்ப எடுக்கக்கூடிய மாற்றமே பட்டை. திரும்பாத வெட்டு உள்மரம்.

நாங்கள் செய்தது என்ன?

முதல் நாள் எதையும் மாற்றவில்லை. நோயை மட்டும் தேடினோம். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, மேல் தகட்டின் திருகுகளை அவிழ்த்து, உள்ளே இருந்த ஒயர்களைக் கைப்பேசியில் நாலு பக்கமும் படமெடுத்தோம். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தாளிலும் வரைந்தோம். பிறகு மல்டிமீட்டரை வைத்து அளந்தோம். ஒற்றைச் சுருள் பிக்கப் நலமாக இருந்தால் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டும். கழுத்துப் பிக்கப் சரியாகக் காட்டியது. பாலத்துப் பிக்கப்பில் முள் அசையவே இல்லை. உள்ளே சுருள் அறுந்திருந்தது.

பையன் கேட்ட பெரிய பிக்கப்புக்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். அதில் இரண்டு சுருள் உண்டு. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, காந்தத்தையும் எதிராக வைத்திருப்பார்கள். வீட்டு மின்சாரத்திலிருந்து பரவும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; கம்பியின் ஓசை மட்டும் கூடி வரும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1957இல் அது கித்தார்களில் வந்தது. கோயில் மண்டபத்தில் குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் சூழ வாசிக்கிறவனுக்கு இது தேவைதான். பையன் கேட்டது வீண் ஆசை அல்ல.

ஆனால் அதன் அகலம் பழைய துளையில் அடங்காது. அதற்குத்தான் உளி. தேடிப் பார்த்ததில், ஒற்றைச் சுருள் அளவுக்குள்ளேயே இரண்டு மெல்லிய சுருளைப் பக்கத்தில் பக்கத்தில் அடக்கிய ஹம்பக்கர் கிடைக்கிறது என்று தெரிந்தது. ஈப்போவுக்குப் போய் அதை வாங்கி வந்தோம். மரத்திலிருந்த துளை அதற்குப் போதுமானதாக இருந்தது. மேல் தகட்டின் துளைதான் பொருந்தவில்லை. பழைய தகட்டைத் தொடாமல், அதே அளவில் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிப் புதுத் துளை போட்டுக்கொண்டோம். பழைய தகடும் ஊமைப் பிக்கப்பும் பெயர் எழுதிய உறையில் பத்திரமாக உள்ளன.

ஈயம் வைத்துப் பற்றவைத்து, கம்பி கட்டி, இணைத்தோம். பாலத்துப் பிக்கப் இரைச்சல் இல்லாமல் கணீரென்று பேசியது! பையன் துள்ளினான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பேசவிட்டபோது குரல் மெலிந்து, மூக்கடைத்தவன் பேசுவதுபோல் ஆயிற்று.

"கெட்டுப் போச்சா சார்?" என்றான். கெடவில்லை. இரண்டு பேர் ரம்பம் இழுக்கும்போது இருவரும் ஒரே நேரத்தில் தன் பக்கம் இழுத்தால் மரம் அறுபடுமா? இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்தன. புதிய பிக்கப்பின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி வைத்ததும் குரல் நிறைந்து வந்தது. பிரையன் மே சுவிட்ச் வைத்துப் புரட்டியதும் இதைத்தான். அவருக்கு அது வேண்டியிருந்தது, எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

பேரன் கித்தாரைத் தாத்தாவின் மடியில் வைத்தான். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. முதல் இரண்டு வரி தடுமாறியது. மூன்றாவது வரியில் மெட்டு வந்துவிட்டது. அவர் அந்தப் பாட்டை முழுதாக வாசித்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் பேசவில்லை.

நீங்களும் செய்யலாம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கருவி இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

ஒன்று: காசில்லா வைத்தியத்தை முதலில் பாருங்கள். பிக்கப்பின் இரு பக்கமும் பெரும்பாலும் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் பிக்கப் ஏறும், இறங்கும். கடைசிக் கட்டத்தில் கம்பியை அழுத்தும்போது கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். மிகவும் நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். பல கித்தார்களின் 'நோய்' இந்தத் திருகோடு தீர்ந்துவிடும்.

இரண்டு: சத்தம் வரவில்லை என்றால் உடனே பிக்கப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒயர் செருகும் இடத்தில் ஈயம் விட்டிருக்கலாம், சுவிட்சில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், ஒயரே அறுந்திருக்கலாம். அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மூன்று: வால்யூம் திருகும் பிக்கப்புக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். குறைந்ததைப் போட்டால் குரல் மங்கும். கூடியதைப் போட்டால் கூர்மை ஏறும்.

நான்கு: கழற்றிய எதையும் எறியாதீர்கள். பழைய திருகுகூடப் பழைய கருவியின் பிறப்புச் சான்றிதழ்.

ஐந்து: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சாதாரணக் கித்தாருக்குள் ஓடும் மின்சாரம் யாரையும் தாக்காது. ஆனால் அது இணையும் ஒலிபெருக்கிக்குள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் உண்டு. கித்தார்க் கம்பிகள் ஒலிபெருக்கியின் உடலோடு ஒயர் வழியே இணைந்திருக்கின்றன. ஒலிபெருக்கியின் நில இணைப்பு கெட்டிருந்தால், ஒரு கை கம்பியில் இருக்கும்போது மறு கை மைக்கைத் தொட்டாலே போதும். 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற இளம் கித்தார்க் கலைஞர் மேடையிலேயே இப்படித்தான் உயிரிழந்தார். ஆகவே மூன்று முள் பிளக்கின் நடுமுள்ளை ஒருபோதும் நீக்காதீர்கள். இரண்டு முள் வைத்த பழைய ஒலிபெருக்கியைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் காட்டாமல் திருவிழா மேடையில் ஏற்றாதீர்கள். ஒலிபெருக்கியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வாசகர்களே! நாம் தோட்டத்தை விட்டு வந்தபோது நிலத்தைக் கொண்டுவர முடியவில்லை. லயத்தைக் கொண்டுவர முடியவில்லை. கையில் எடுக்க முடிந்த சிலவற்றை மட்டும் கொண்டுவந்தோம். ஒரு குத்துவிளக்கு, ஒரு சாமி படம், சில வீடுகளில் ஒரு கித்தார். அவற்றை அப்படியே துணி சுற்றி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு அவை பாரம். கண்மூடித்தனமாக வெட்டிக் குடைந்தால் தாத்தாக்களுக்கு அவை காயம். நடுவே ஒரு வழி இருக்கிறது. அதற்கு ஒரு மல்டிமீட்டரும், கொஞ்சம் ஈயமும், பெரியவர் பேச்சைக் கேட்கும் பொறுமையும் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேலே ஒருமுறை பாருங்கள். இறக்கித் துடைத்து, பிள்ளையையும் பெரியவரையும் அருகருகே உட்கார வையுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே, எங்கள் ஊர் வீடு ஒன்றில் இப்போது மாலை வேளையில் இரண்டு பேர் மாறி மாறி வாசிக்கிறார்கள். தாத்தாவுக்குக் கழுத்துப் பிக்கப். பேரனுக்குப் பாலத்துப் பிக்கப். கடைசிப் பாட்டுக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து பேசும்.